களமாவூருக்கு ஒரு விசில்

போன வாரம் புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போகிற பேருந்தில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். இந்தச் சாலையின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும் பாட்டு. நார்த்தாமலை விலக்கு, கீரனூர் என்று இழுத்துவிட்டு, அடுத்த ஊருக்குப் பதில் ஒரே ஒரு விசில் வரும். அப்புறம் மாத்தூர். விசில் கேட்டதும் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். நாங்கள் எல்லோரும் முன்னால் போய்த் திரும்பி வந்தோம்.

“பாட்டுண்ணே, பாட்டு. நீங்க போங்க” என்றார் நடத்துநர்.

“ஒரு நாளைக்கு நாலு தடவ ஏமாத்துது இது” என்றார் ஓட்டுநர்.

முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். “அந்த எடத்துல ஏன்டி விசிலு?” என்றாள் ஒருத்தி. “ஸ்டைலுடி” என்றாள் மற்றவள். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. பாதி நரைத்த ஆள், யூரியா சாக்குப் பையோடு, அந்தப் பாடகியை எனக்குத் தெரியும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நீங்கள் நம்புவீர்கள்.

பழைய ஜமுக்காளத்தின் வாசனைதான் எனக்கு அந்த நாட்களின் வாசல். கீரனூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடி அறையில் விளம்பர ஆட்டோக்களுக்குக் குரல் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஆடித் தள்ளுபடி, காதுகுத்து, டியூசன் சென்டர், சில சமயம் சாவு. சத்தம் எதிரொலிக்காமல் இருக்க நாலு சுவரிலும் ஜமுக்காளம். பந்தல்காரர் ஒருவர் கழித்துப் போட்டவை. எத்தனை கல்யாணத்து ரசமும் மல்லிகைப்பூவும் அவற்றில் ஊறியிருந்தன என்று தெரியாது. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும். கீழே ஹாரன் அடங்க வேண்டும். ஒரு ஹாரனுக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் சொல்லி முடிக்க வேண்டும்.

அங்கே விளம்பரம் பேச வந்தவள்தான் ஜெசிந்தா. இப்போது ஊர் அவளை வேறு பெயரில் கொண்டாடுகிறது. அப்போது கல்லூரி முதல் வருடம். “தாய்மார்களே” என்று அவள் ஆரம்பித்தால் தாய்மார்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அவள் பாட்டில் வரும் துண்டு துண்டான வரிகளைப் பற்றி இப்போது பெரிதாகப் பேசுகிறார்கள். எங்கே பிடித்தாள் இந்தப் பாணியை என்று ஒரு பேட்டியில் கேட்டார்கள், சிரித்தாள். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கீரனூர் ஹாரன்களுக்கு நடுவே பாடிப் பழகியதாக இருக்குமோ?

வேலை முடிந்ததும் தானே கட்டிய பாட்டுகளைப் பாடிப் பார்ப்பாள். நான் பதிவு செய்வேன். அதில் ஒன்று இந்த நிறுத்தங்களின் பாட்டு. அவள் அப்பா அந்தோணி இதே சாலையில் தனியார் பேருந்து நடத்துநர். ஊர்ப் பெயர்களை அவர் கூவும் விதம் பிரசித்தம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவர் முகத்துக்கு நேராகவே அதைச் செய்துகாட்டுவார்கள்.

“அண்ணே, இது அப்பா காதுக்குப் போயிரக் கூடாது. நானும் கேலி பண்றேன்னு நெனச்சுக்குவாரு” என்றாள். போகாது என்று வாக்குக் கொடுத்தேன்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் புத்தி எனக்கு இல்லை. எல்லாம் ‘புதுசு’. புதுசு ஒன்று, புதுசு இரண்டு. ஒரு நாள் காலை, ஜவுளிக்கடை விளம்பரத்துக்குப் பதிலாக அவள் பாட்டை பென்டிரைவில் ஏற்றி ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டேன். கடைக்குப் புது மாதிரி விளம்பரம் போலிருக்கிறது என்று அவர் ஊரைச் சுற்றினார். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டபோது ஆட்டோ பேருந்து நிலையத்துக்குள் நின்றது. அந்தோணியின் வண்டியும் நின்றது. “அண்ணே, ஒங்களத்தான் பாடுறாங்க” என்று யாரோ கத்த, வண்டியே சிரித்தது. அவர் நின்று கேட்டார். மகள் குரல் தெரியாமல் இருக்குமா? இரண்டு விசில் கொடுத்து ஏறினார். அன்று முழுக்க ஒரு ஊர்ப் பெயரும் கூவவில்லையாம், விசில் மட்டும். களமாவூரில் இறங்க வேண்டிய ஒரு அம்மா தூங்கி மாத்தூர் போய்விட்டார்.

ஜெசிந்தா இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் அப்பனும் மகளுமாக மாடியேறினார்கள். காக்கிச் சட்டையில் அவரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

“தம்பி, எல்லா ஊரும் இருக்கு. களமாவூர் எங்க?”

“இழுத்தா பாட்டுல நிக்க மாட்டேங்குதுப்பா” என்றாள் அவள், தரையைப் பார்த்து.

“நிக்காதா? இருவது வருசமா அங்க வண்டி நிக்குது. அங்கிட்டுத் தள்ளு.”

மின்விசிறியை நிறுத்திப் பதிவை ஓடவிட்டேன். மைக்குக்கு முன் நின்று, படிக்கட்டுக் கம்பியைப் பிடிப்பதுபோல ஜமுக்காளத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை கூவினார். அவள் பாட்டில் அது அச்சாகப் பொருந்தியது. “இதத்தான கேலி பண்ணுன?” என்றார். “இல்லப்பா” என்றபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். “சரி, பாடு. வண்டிக்கு நேரமாச்சு.”

பிறகு அவள் சென்னை போனாள். நான் தொழிலை விட்டேன். கணினியை விற்பதற்கு முன் எல்லாவற்றையும் அழித்தேன். வரிசையாக ‘புதுசு’, எல்லாம் பழைய தள்ளுபடிகள்தானே என்ற நினைப்பு.

போன வருடம் அவள் போன் செய்தாள். “அண்ணே, அந்தப் பாட்ட பெருசா பண்றோம். அப்பா கத்துனது இருக்குல்ல?” அப்பாவுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. ஆள் தேறிவிட்டார், குரல் திரும்பவில்லை. வேறு எங்கும் அது பதிவாகவில்லை. அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் திட்டியிருக்கலாம். “சரிண்ணே” என்று மட்டும் சொன்னாள்.

களமாவூரையும் நீயே பாடிவிடேன் என்று அங்கே எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அவள் கேட்கவில்லை. சென்னை ஸ்டுடியோவில் அந்த இடத்துக்கு மைக்கின் முன் அப்பாவை நிறுத்தினாளாம். அவர் சட்டைப்பையிலிருந்து பழைய விசிலை எடுத்திருக்கிறார்.

போன வாரம் அந்தப் பேருந்து களமாவூரில் நின்றது. இறங்குகிறவர்களைப் பார்த்தபடி அந்தோணி கூவியதை மனதுக்குள் கூவிப்பார்த்தேன். ‘கள’ வரைக்கும் வருகிறது. அதற்குமேல் எங்கே வளைத்தார் என்று பிடிபடவில்லை. நடத்துநர் இரண்டு விசில் கொடுத்தார். வண்டி கிளம்பிவிட்டது.