மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்ட பாட்டு

ஓய்வு பெற்றபின் சித்தூரில் நானும் கணவரும் இத்தாலியின் டஸ்கன் பாணியில் வீடு கட்டினோம். வளைவு வாசல், நீரூற்று வைத்த முற்றம், பன்னிரண்டு பேர் சாப்பிடும் மேஜை. பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். கணவர் போன வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

எங்கள் சபையில் வெள்ளிதோறும் ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். என் முறை வந்தபோதெல்லாம் இத்தாலியன் மார்பிளில் கறை படியுமே என்று பயந்து, உடம்பு சரியில்லை என்று தட்டிக்கழித்தேன். பிறகு யாரும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளி மதியம் செடிக்குத் தண்ணீர் ஊற்ற முற்றத்துக்குப் போனேன். காற்றில் கதவு சாத்தி, தானே பூட்டிக்கொண்டது. போன் உள்ளே இருந்தது. சுற்றிலும் உயரமான மதில். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மாலையில் பக்கத்தில் எஸ்தர் வீட்டிலிருந்து ஜெபக்கூட்டப் பாட்டு கேட்டது. என் குரல் அதில் அமுங்கிப்போனது. பாட்டு முடிந்து அவர்கள் அமைதியாகும்வரை காத்திருந்து, "எஸ்தர்! கதவு பூட்டிக்கிச்சு!" என்று அலறினேன்.

"ஐயோ, அக்கா குரலு! மாட்டிக்கினீங்களா? இருங்க, வரோம்!"

எஸ்தரின் கணவர் மதிலில் ஏணி வைத்து ஏறி இறங்கி, கதவுக்கு மேலிருந்த கண்ணாடியை உடைத்து, கைவிட்டுக் கதவைத் திறந்தார். நான் ஓடிப்போய் முன்வாசலைத் திறந்தேன். பெண்கள் எல்லோரும் படியிலேயே நின்றார்கள்.

"காலெல்லாம் மண்ணுக்கா. தரை வீணாப்பூடும். நாங்க இங்கியே நிக்கறோம்" என்றாள் எஸ்தர்.

இப்போது இன்னொரு சாவி எஸ்தரிடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு வெள்ளி ஜெபக்கூட்டம் என் வீட்டில்தான். எல்லோரும் போனபின், தரையில் இருக்கும் கால் தடங்களை மறுநாள்வரை நான் துடைப்பதில்லை.