சாமானியரை இறக்கிவிட்டுப் பறந்த விமானம்

அந்த அரசாங்கத் துண்டுப் பிரசுரத்தை அச்சடித்தவர்கூட நம்பியிருக்க மாட்டார். நான் நம்பினேன். வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன், நான்கு வண்ணத் தாள் ஒன்றில் விழுந்தேன். சிறிய ஊர்களுக்கும் விமானம், சாமானியருக்கும் இருக்கை என்று அதில் போட்டிருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். புனே விமான நிலையத்தில் ஒரு குட்டி விமானக் கம்பெனியின் கவுண்டருக்கு நான் பொறுப்பு. மராத்வாடாப் பகுதியில் ஒரு மாவட்டத் தலைநகருக்கு வாரம் மூன்று நாள் விமானம் விட்டோம். பதினெட்டு இருக்கை. அரசு சலுகை தந்ததால் அதில் ஆறு இருக்கை மலிவு.

அந்த ஊரில் ஓடுதளம் போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள், பளிங்கில் கல்வெட்டு வைத்தார்கள். எரிபொருளுக்கு மட்டும் ஏற்பாடு செய்ய மறந்துவிட்டார்கள். திரும்பி வருவதற்கான எரிபொருளையும் இங்கிருந்தே சுமந்து போக வேண்டும். அதைச் சுமந்தால் பதினொரு பேருக்கு மேல் ஏற்ற முடியாது. ஆக, அரசாங்கக் கோப்பில் பதினெட்டு, ஏறும் எடையைக் கணக்கிடும் என் லோடு ஷீட்டில் பதினொன்று. பயணிகளைப் பெட்டி நிறுக்கும் தராசில் ஏற்றி எடை எழுதுவேன்.

புனே புறநகரான ஆகுர்டியில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் செல்வராஜ். கோயம்புத்தூர்க்காரர், கார் தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். மகள் கவிதாவுக்கு அந்த ஊரில் இன்ஜினீயரிங் சீட் கிடைத்திருந்தது. சேர்க்கை நாளன்று மதியம் பன்னிரண்டுக்குள் அசல் சான்றிதழ்களைக் கொடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

"முந்தின நாளே பஸ்ஸுல கெளம்பிடறோமுங்க" என்றார் செல்வராஜ்.

"விமானம் இருக்கும்போது பஸ்ஸுல இடுப்பை ஏன் ஒடிச்சுக்கறீங்க? ஏழு மணிக்கு ஏறினா எட்டு மணிக்கு அங்கே" என்றேன் நான், பிரசுரமே வாய் திறந்து பேசியதுபோல.

அன்று காலை பதினொரு பேரும் தராசில் ஏறி இறங்கிய பிறகு நான்கு பேர் வந்தார்கள். இந்தச் சேவையால் சாமானியர் எப்படிப் பயனடைகிறார் என்று நேரில் ஆராயும் கமிட்டி. கையோடு ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதில், ஆராய்ச்சியின் அறிக்கை. முன்கூட்டியே அச்சாகிவிட்டது.

மும்பையிலிருந்து என் மேலாளர் போனில் கத்தினார்: "மலிவு டிக்கெட்ல நாலு பேரை இறக்கு. கமிட்டி ஏறணும்!"

இறக்கினேன். சாமானியரை ஆராய்வதற்காகச் சாமானியரை இறக்கிய ஊழியன் நான். இருவர் மராத்தியில் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்கள். மற்ற இருவர் செல்வராஜும் கவிதாவும். செல்வராஜ் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இப்ப பஸ் புடிச்சா பன்னெண்டுக்குப் போக முடியாதுங்களே" என்று மட்டும் கேட்டார். கவிதா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அட்டைப்பெட்டியைத் தராசில் வைத்தேன். நாற்பத்தைந்து கிலோ. கவிதா நாற்பத்து மூன்று.

கமிட்டித் தலைவரிடம் போனேன். "சார், எடை கூடுது. கேப்டன் கையெழுத்துப் போட மாட்டேங்கறார். இந்தப் பெட்டியை இறக்கணும், இல்லேன்னா உங்கள்ல ஒருத்தர் இறங்கணும்."

கேப்டன் அப்படி எதுவும் சொல்லவில்லை. நான்கு பேரும் ஒரே நேரத்தில் பெட்டியைப் பார்த்தார்கள். அந்தக் கமிட்டி ஒருமனதாக எடுத்த ஒரே முடிவு அதுதான் என்று நினைக்கிறேன். பெட்டி இறங்கியது, அதன் எடையில் கவிதாவுக்கு இடம் பிறந்தது.

செல்வராஜ் சான்றிதழ் ஃபைலை மகளிடம் கொடுத்தார். "பயந்துக்காத கண்ணு, நான் பின்னாலயே பஸ்ஸுல வந்தர்றேன்." அவள் தனியாக ஏறினாள். சீட்டும் கிடைத்தது.

சில மாதங்களில் அந்த விமானம் நின்றுபோனது. ஒரு திட்டம் யாருக்காக என்று தெரிய வேண்டுமானால் அதன் பிரசுரத்தைப் படிக்காதீர்கள், லோடு ஷீட்டைப் பாருங்கள் என்பது நான் கற்ற பாடம். இருந்தாலும் ஒரு பெண்ணின் படிப்பைக் காப்பாற்றியவன் என்ற மிதப்பில் தீபாவளிவரை திரிந்தேன். விடுமுறைக்கு வந்த கவிதாவிடம் அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லியும் காட்டினேன்.

"அரே அங்கிள், உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "அந்தக் கமிட்டிக்கு மாலை போட எங்க பிரின்சிபால், ஆபீஸ் ஸ்டாஃப் எல்லாரும் ஏர்போர்ட்டுக்குப் போயிட்டாங்க, அப்புறம் விருந்து, கூட்டம். சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் அட்மிஷன் கவுண்டரே திறந்தாங்க. அதுக்குள்ள, நான் சாப்பிடப் போன நேரத்துல அப்பா பஸ்ல வந்து, எனக்கு முன்னாடி லைன்ல நின்னுட்டிருந்தார்."