வெள்ளிக்கிழமை ஓடும் லொறிகள்

போன வியாழக்கிழமை, இந்த அறுபத்தேழு வயதில் முதல் தடவையாக, ஒரு மெஷினுக்கு முன்னால் வாயடைத்து நின்றேன்.

உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே... ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினோரு வயதில் எரிந்த மோட்டருக்குக் கொயில் சுற்றும் கடையொன்றில் கூட்டிப் பெருக்கப் போய், இருபத்தைந்தில் சொந்தக் கடை போட்டவன். ஏறாவூரிலிருந்து ஓட்டமாவடி வரை, வயல் வட்டைக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு எதுவானாலும் ஒருமுறையாவது என் மேசைக்கு வந்துதான் போயிருக்கும். சத்தத்தை வைத்தே எந்தக் கொயில் எரிந்தது என்று சொல்வேன். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. சரி, நானும் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு கொம்பியூட்டர் ஆட்டம் காட்டியது.

அது என் மகள் றிஸ்னாவுடையது. அவள் மாப்பிள்ளை அஸ்மி வாங்கிக் கொடுத்தது. கேம் விளையாடவென்றே செய்த கொம்பியூட்டராம். பக்கத்தில் கண்ணாடி, உள்ளே பச்சையும் சிவப்புமாக லைட், நாலைந்து குட்டிக் காற்றாடிகள். முதலில் பார்த்தபோது மீன்தொட்டி என்றே நினைத்தேன்.

அஸ்மி கட்டாரில் லொறி ஓட்டுகிறார். கல்யாணம் முடித்து நாற்பத்தைந்தாம் நாள் விமானம் ஏறியவர். வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு. அன்று பின்னேரம் இரண்டு மணித்தியாலம் இருவரும் கேம் விளையாடுவார்கள் — அவர் அங்கே லெப்டொப்பில், இவள் இங்கே மேல்மாடி அறையில். என்ன கேம் தெரியுமா? லொறி ஓட்டும் கேம்.

"ஆறு நாளும் லொறி ஓடுறவருக்கு ஏழாம் நாளும் லொறியா மகள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது அவர் தனிய ஓடுற வாப்பா. இது நாங்க ரெண்டு பேரும் ஓடுற."

அவர் லொறி முன்னால், இவள் லொறி பின்னால், காதில் ஹெட்போன். போனில் பேசினால் 'சாப்பிட்டீங்களா, வெயிலா' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, லொறியில் ஏறினால் முடிவதே இல்லை என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். கீழே சாய்மனைக் கதிரையில் கிடக்கும் எனக்கு அவள் சிரிப்பது கேட்கும். கல்யாணத்துக்கு முன்னால் நான் கேட்காத சிரிப்பு.

பிறகு அந்தச் சிரிப்பு நடுவில் அறுந்து அறுந்து போகத் தொடங்கியது.

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, என்னதான் நடக்கிறது என்று மேலே ஏறிப் பார்த்தேன். என் கண் முன்னாலேயே ஸ்க்ரீன் கறுத்தது. காற்றாடிகள் நின்றன. கொம்பியூட்டர் மறுபடி எழும்பி, கேம் திறந்து வருவதற்குள் அஸ்மியின் லொறி எங்கோ போய்விட்டது. றிஸ்னா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"எழும்பு, நான் பாக்கன்," என்றேன்.

"வேணா வாப்பா. அது தானாச் சரிவரும்."

"தானாச் சரிவாற மெஷின் ஒண்டு இன்னும் பொறக்கல்ல புள்ள."

திறந்தேன். திறந்து... என்ன செய்ய? சுற்றுவதற்கு ஒரு கொயில் இல்லை. மணந்து பார்த்தேன், எரிந்த வாசம் இல்லை. தூசியை ஊதினேன். கேபிள்களைக் கழற்றி மாட்டினேன். அரை மணித்தியாலம் ஒழுங்காக ஓடியது. என்னை நானே மெச்சிக்கொண்டு கீழே இறங்கி முகம் கழுவினேன். மேலே மறுபடி கறுத்துவிட்டது.

செங்கலடியில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் சுதனைக் கூப்பிட்டேன். நாற்பது வயது மனிதன், பொறுமைசாலி. கொண்டுபோய் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார், ரெம்மைத் துடைத்தார், பவர் சப்ளையையும் மாற்றினார். கடையில் இரண்டு நாள் விடாமல் ஓடவிட்டார். ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் கொண்டுவந்து மேலறையில் மாட்டினார். பத்தாவது நிமிடம் — கறுப்பு.

சுதன் கொம்பியூட்டரைத் தொடவில்லை. பையிலிருந்து மீற்றரை எடுத்துச் சுவர்ப் பிளக்கில் குத்தினார். இருநூற்று முப்பது வோல்ட். கொம்பியூட்டர் மறுபடி எழும்பும் வரை காத்திருந்தோம். கீழே குசினியில் என் மனைவி பைப்பைத் திறந்தாள். தாங்கியில் தண்ணீர் இறங்கியது. தாங்கியை நிரப்பும் மோட்டர் தானாக 'ம்ம்ம்' என்று இழுத்தது. மீற்றர் முள் நூற்றெழுபதுக்கு விழுந்தது. ஸ்க்ரீன் போய்விட்டது.

"காக்கா, இந்த ரூமுக்கு லைன் இழுத்தது ஆர்?" என்று சுதன், மூத்த அண்ணனைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"வேற ஆரு? நான்தான்," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

அவர் பதில் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் எனக்குப் பின்னால் பார்த்தார். நான் திரும்பவில்லை. திரும்பத் தேவையிருக்கவில்லை. முன்னால் இருந்த கறுத்த ஸ்க்ரீன் கண்ணாடி போல எல்லாவற்றையும் காட்டியது: வெள்ளைத் தாடியோடு நான், எனக்குப் பின்னால் கதவோரம் றிஸ்னா. 'சொல்லாதீங்க' என்று சுதனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். நிக்காஹ்வுக்கு நாள் நெருங்கிய அவசரத்தில், இந்த மேலறைக்குத் தனி வயர் இழுக்காமல், மோட்டருக்குப் போன லைனிலிருந்தே பிரித்துக் கொடுத்தேன். அதுவும் மெல்லிய வயர். பிறகு மாற்றலாம் என்றிருந்தேன். வந்தவர்களெல்லாம் 'ஒரு வயரிங் பாஸக்கூடக் கூப்பிடாம தனியாளா செஞ்சிரிக்கார்' என்று மெச்சினார்கள். அந்தப் புகழில் வயர் மறந்துபோனது.

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஒரு மாசமா. மோட்டர் ஓடக்குள்ளதான் கறுக்கிற."

"ஏன் புள்ள சொல்லல்ல?"

விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவர்தான் வேணாண்டார். 'மாமா தன்ட கையால செஞ்சு தந்த ஊடு, அதுல பிழை சொல்லக்கூடா. நாம நேரத்தப் பாத்து ஓடுவம்' எண்டு சொன்னார்."

நேரத்தைப் பார்த்து... அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. ஒரு மாதமாக வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்கு முன்னால் மகள் படியில் நின்று கேட்பாள்: "வாப்பா, ஒழு எடுத்திட்டீங்களா?" தகப்பனின் தொழுகையில் என்ன அக்கறை என்று பள்ளிவாசலில் நாலு பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். நான் கைகால் கழுவி முடித்து, மோட்டர் நின்ற பிறகு லொறியை எடுக்கலாம் என்று அந்தப் பிள்ளை காத்திருந்திருக்கிறது. அங்கே கட்டாரில், ஒரே ஒரு லீவு நாளில், இன்னொரு பிள்ளை லொறியை ரோட்டோரம் நிறுத்திவிட்டுக் காத்திருந்திருக்கிறது.

நம் பிழையை முகத்துக்கு நேரே சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. பிழை அப்படியே கிடக்க, அதில் தட்டுப்படாமல் சுற்றி நடந்து போகிறவர்கள்...? எனக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அது தெரியாமலே இருந்திருக்கிறேன்.

சுதன் யூபிஎஸ் ஒன்று போடலாம் என்றார். வேண்டாம், பிழை சுவருக்குள் என்றேன். வெள்ளி விடிந்ததும் ஏணியை வைத்தேன். மனைவி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "வயசு என்னெண்டு நெனப்பு?" என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை கேட்டாள். மெயின் பெட்டியிலிருந்து மேலறைக்குத் தடித்த வயரில் தனி லைன், தனி சுவிட்ச். ஜும்ஆவுக்கு முன் வேலை முடிந்தது. வயரிங்கைப் பார்த்தால் நீங்களும் அசந்துபோவீர்கள்... சரி, விடுங்கள்.

பின்னேரம் லொறிகள் கிளம்பின. நான் கீழே இருந்த எல்லாப் பைப்பையும் திறந்துவிட்டேன். மோட்டர் இழுத்தது. மேலே சிரிப்பு நிற்கவில்லை. மோட்டர் ஓய்ந்து, திரும்பவும் இழுத்தது. நிற்கவில்லை.

"வாப்பா, இஞ்ச வாங்க. அவர் கதைக்கணுமாம்."

ஹெட்போனை என் தலையில் மாட்டினாள். ஸ்க்ரீனில் நீண்ட ரோடு, முன்னால் ஒரு சிவப்பு லொறி.

"மாமா, லைன் மாத்தினீங்களாமே. ஏன் இந்த வயசில..."

மன்னிப்பு தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தபோது வேறொன்று வெளியே வந்தது.

"வளைவில பாத்து மெதுவா ஓடுங்க மகன்."

நாற்பது தொன் இழுக்கிறவருக்கு, மோட்டார் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியறியாத மாமனார் சொன்ன புத்தி.

"சரி மாமா," என்றார், இதையும் பொறுத்துக்கொண்டு.