எங்களை விட்டுவிட்டு எடுத்த குரூப் போட்டோ

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாகூர் ஏரிக்குப் பக்கத்திலுள்ள தென்னந்தோப்பு ஒன்றில் எங்கள் கல்லூரி வகுப்புக்காரர்கள் எல்லோரும் கூடினோம். புதுச்சேரியில் பி.எஸ்சி. முடித்து ஏறக்குறைய இருபது வருஷத்துக்குப் பிறகு நடந்த முதல் சந்திப்பு அது. தோப்புக்காரரும் எங்களோடு படித்தவர்தான்.

வகுப்பில் நாங்கள் மூன்றே மூன்று பெண்கள். நான் பள்ளிக்கூட டீச்சர். இன்னொருத்தி வில்லியனூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவள். கணவர் இறந்த பிறகு கடையை அவளே பார்த்துக்கொண்டாள். மூன்றாமவள் உறுவையாறில் ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் அவள்தான். மேலே படிக்க இடம் கிடைத்தும், அந்த வருஷமே கல்யாணத்தை முடித்து அனுப்பிவிட்டார்கள். இந்தச் சந்திப்புக்கு வருவதற்கு மாமியாரிடம் நாள்கணக்கில் கெஞ்சியிருக்கிறாள். பெட்டியில் கிடந்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

போய்ச் சேர்ந்ததுமே தோப்புக்காரர், "சமையலுக்குச் சொன்ன ஆளு வரலைங்க. எங்க வூட்டுல ஒண்டியா கஷ்டப்படுது. கொஞ்சம் பாத்துக்குங்களேன்" என்றார். கொட்டகைக்குப் பின்னால் அவர் மனைவி அடுப்புகளுக்கு நடுவில் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். அந்த அம்மாவைப் பார்த்துத்தான் முந்தானையை இழுத்துச் செருகினோம். வேறு யாருக்காகவும் இல்லை.

அங்கிருந்தே மைக் சத்தம் நன்றாகக் கேட்டது. ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து, எந்த ஆபீஸ், எத்தனை பிள்ளைகள் என்று சொன்னார்கள். கைதட்டல் கேட்டது. எங்களையும் கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டே வெங்காயம் அரிந்தோம். எங்கள் பழைய பேராசிரியர் வந்திருந்தார். அவர் ஒருவர்தான் கேட்டார்: "நம்ம கிளாஸ்ல மூணு பொண்ணுங்க இருந்தாங்களே?"

"அவங்க இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்காங்க சார். சாப்புடும்போது தெரியும்!" என்று தோப்புக்காரர் மைக்கிலேயே சொன்னார். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பேராசிரியரும்தான்.

உறுவையாறு தோழி கரண்டியைக் கீழே வைத்தாள். "அவரு பேப்பர்லதான்டி நான் ஃபர்ஸ்ட்டு" என்றாள்.

எனக்குப் போய் மைக்கைப் பிடுங்கலாம்போல வந்தது. "சாப்பாடு முடியட்டும்டி, வயசானவரு பசியோட இருப்பாரு" என்று வில்லியனூர் தோழி தடுத்துவிட்டாள்.

ஆண்களுக்குப் பரிமாறினோம். கடைசியாக நாங்களும் அந்த அம்மாவும் உட்கார்ந்து, அடியில் கிடந்த சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டோம். கை கழுவி, தலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தால், நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். குரூப் போட்டோ எடுத்து முடித்துவிட்டார்கள்!

"எங்கள ஏன் கூப்புடல?" என்றேன்.

"சாப்டுகினு இருந்தீங்க. சாருக்கு நேரமாயிடுச்சி. ரோலும் தீந்துபோச்சு. அடுத்த வாட்டி லேடீஸுக்குத் தனியா எடுத்துக்கலாங்க" என்றார் தோப்புக்காரர்.

"லேடீஸா? நாங்க உங்ககூடப் படிச்சவங்க."

"காலேஜ்லயே இவங்களுக்கு மூக்குமேல கோவம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. வகுப்பறையில் கத்திப் பழகிய குரல் என்னுடையது. தோப்பே அதிரக் கேட்டேன்: "கிளாஸ்ல மொதல்ல வந்தவள அடுப்படியில நிறுத்திட்டு, எந்த கிளாஸுக்குய்யா போட்டோ எடுத்தீங்க?"

பேராசிரியர் செருப்பைத் தேடினார். "சரி விடுங்க, நல்ல நாளும் அதுவுமா" என்று யாரோ முணுமுணுத்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நல்ல நாளைக் கெடுத்தது நானாம்!

"வாங்கடி போலாம். எங்க கடைக்கு எதுர்ல ஸ்டுடியோ இருக்குது. நான் சொன்னா ஞாயித்துக்கெழமையும் தொறப்பாரு" என்றாள் வில்லியனூர் தோழி.

தோப்பு வாசலைத் தாண்டும்போது பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். தோப்புக்காரரின் மனைவி! முகத்தில் கரிகூடத் துடைக்கவில்லை.

"நானும் வரட்டாங்க? நான் காலேஜு வாசல மிதிச்சதில்ல. ஆனா காத்தாலேந்து உங்ககூடத்தான நின்னேன்."

நாங்கள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவர் கத்தினார்: "ஏய், நீ எங்கடி போற? பாத்திரமெல்லாம் யாரு கழுவறது?"

அந்த அம்மா திரும்பி நின்று, "கூடப் படிச்சவங்க இத்தினி பேரு இருக்காங்களே, கழுவச் சொல்லுங்க" என்றார்.

நால்வரும் பஸ் பிடித்து வில்லியனூர் போனோம். ஸ்டுடியோக்காரர் விளக்கைப் போட்டுவிட்டு, "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். "வரலைங்க. இப்பிடியே எடுங்க" என்றாள் உறுவையாறு தோழி. தாளிப்பு வாசனையோடு, நாலு பேரும் முறைத்துக்கொண்டு நிற்கிற அந்தப் படத்தைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும்.

தோப்புக்காரர் ஒரு மாதம் மனைவியோடு பேசவில்லையாம். "இன்னா செஞ்சீங்க?" என்று பிறகு கேட்டேன். "இன்னா செய்யறது, நிம்மதியா இருந்தேன்" என்றார் அந்த அம்மா. வருஷத்துக்கு ஒருமுறை வில்லியனூர் கடையின் உள்ளறையில் நாங்கள் நால்வரும் கூடுகிறோம். ஓட்டலிலிருந்து டிபன் வாங்கிச் சாப்பிடுகிறோம், ஒருத்தரும் அடுப்புப் பக்கம் போவதில்லை. ஆண்களின் கூட்டத்துக்கும் அழைப்பு வருகிறது. நாங்கள் போவதில்லை. வழியில் தனியாகப் பார்க்கும்போது ஓரிருவர் "அன்னிக்கி தப்புதாங்க" என்று மெதுவாகச் சொல்வார்கள். மைக் முன்னால் சிரித்தவர்கள் மைக்கில் சொல்லட்டும்.

கோபம் கெட்டது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள்தான் நான். ஆனாலும் அன்றைக்கு அந்தக் கோபம் மட்டும் வந்திருக்காவிட்டால், நாங்கள் நால்வரும் இன்னும் யாரோ ஒருவர் வீட்டுக் கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்திருப்போம் என்பதால், அதை இன்றுவரை நான் ஆறவிடவில்லை.