ஆமாசாமியும் கையில்லாத விண்மீன்திரளும்

அலுவலகத்தில் அவருக்கு ஆமாசாமி என்று பெயர். அப்பா கைகாட்டிய படிப்பைப் படித்தார், அக்கா பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கும் மறுத்துப் பேச வராது. வீட்டில் இதுவரை ஒரு தட்டுகூடப் பறந்ததில்லை.

இருவருக்கும் வானாய்வு நிலையத்தில் ஒரே வேலை. தொலைநோக்கி எடுத்த விண்மீன்திரள் படங்களை உருவம் பார்த்துப் பிரிப்பது. கை விரித்துச் சுழல்வது சுருள். உருண்டு திரண்டது முட்டை. தட்டையாக, நடுவில் புடைத்து, கையே இல்லாவிட்டால் லென்ஸ். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நடுவில் அட்டைத் தடுப்பு.

ஒருநாள் காலை மேற்பார்வையாளர் அம்மாள் வந்து நின்றார்.

"உங்க ரெண்டு பேர் விடையும் ஒரு தடவைகூட மாறினதில்ல. எட்டிப் பாத்து போடுறீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம்."

"இன்னிக்கும் இப்படியே இருந்தா ஒருத்தருக்குப் பகல் ஷிஃப்ட், ஒருத்தருக்கு ராத்திரி."

ஆமாசாமி கணக்குப் போட்டுப் பார்த்தார். இனி மனைவியை மாடிப்படியில்தான் பார்க்க முடியும். சாப்பாட்டு நேரத்தில், "கடைசிப் படத்துல மாத்திப் போட்டுடுவோம்" என்றார். "சரிங்க" என்றாள். யார் மாற்றுவது என்று இருவரும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

கடைசியாக வந்தது முப்பது கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பது. மஞ்சளேறிய கிழட்டு விண்மீன்கள். வாயு ஏறக்குறைய தீர்ந்துபோய், புதிதாக ஒன்றும் பிறப்பதில்லை. கை மருந்துக்கும் இல்லை. சந்தேகமில்லாத லென்ஸ். ஆமாசாமி மனைவிக்காகப் பொய் சொல்லத் துணிந்தார். முட்டை என்றால் அநியாயம். தட்டை உடம்பு இருக்கிறதே, சுருள் என்றால் கொஞ்சமாவது மானம் மிஞ்சும். சுருளை அழுத்தினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளும் அதையே நினைத்து அதையே அழுத்தினாள்.

"இல்லாத கை ரெண்டு பேருக்கும் எப்படித் தெரிஞ்சுது?" என்றார் மேற்பார்வையாளர். "நாளைலேருந்து ஷிஃப்ட் மாத்தியாச்சு."

வராந்தாவுக்கு வந்ததும் ஆமாசாமி வெடித்தார்.

"உன்னை யாரு மாத்தச் சொன்னா?"

"நீங்கதானே சொன்னீங்க!"

"நான் மாத்துறேன்னுதானே அர்த்தம்?"

"சொல்வீங்க. செய்வீங்கன்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

"அப்போ எனக்குத் துப்பில்லைங்கிற?"

"லென்ஸைப் போய் சுருள்னு போட்டீங்களே, கண்ணும் இல்ல!"

"நீ மட்டும் என்ன போட்டே?"

கதவு திறந்தது. மேற்பார்வையாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எட்டிப் பாத்து போடுறவங்களா இருந்தா இவ்வளவு கேவலமா மாட்டியிருக்க மாட்டீங்க. போங்க, பழைய சீட்டுலயே உக்காருங்க. அந்தப் படத்தைத் திருத்துங்க."

ஆமாசாமி லென்ஸ் என்று திருத்தினார். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, இப்போ பாத்தா முட்டை மாதிரி இருக்கு. முட்டைன்னு போட்டுடவா?"

வாய்வரை வந்த "ஆமா"வை விழுங்கிக்கொண்டு, "தொட்டுப் பாரு, தெரியும் சேதி!" என்றார் ஆமாசாமி.