எங்கள் வீட்டு டிசம்பர் இருபத்து நான்கு

அக்காவுக்கு ஒன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. குடம் தூக்கக் கூடாது, வேகமாக நடக்கக் கூடாது. பிளஸ் டூ முடித்ததும் கல்லூரிக்கு அனுப்ப அப்பாவுக்குப் பயம். பத்தொன்பது வயதுவரை அவள் சேக்காட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தாள்.

பள்ளியில் படித்தபோது காலை வழிபாட்டுக்கு முன்னால் கரும்பலகையில் 'வரலாற்றில் இன்று' எழுதுவது அவள் வேலை. பள்ளி முடிந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தடிமனான ஒரு நோட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒரு தேதி போட்டுக்கொண்டாள். செய்தித்தாளில், பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில், வானொலியில் எது கிடைத்தாலும் அந்தந்தத் தேதியில் எழுதிவிடுவாள். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள் ஒரே பக்கத்தில் வந்து சேர்வதுதான் அவளுக்குப் பிடிக்கும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இத பாரு. கப்பல்ல மொதமொதல்ல இந்தியாவுக்கு வழி கண்டுபிடிச்சி வந்தவன் கொச்சியில செத்துப்போனது டிசம்பர் இருபத்தி நாலு. நம்ம ஊர்ல சாமி இல்லன்னு சொன்ன பெரியவரு செத்ததும் அதே தேதி. நடுவுல நானூறு வருஷத்துக்கு மேல."

"அதனால என்னக்கா?" என்றேன். எனக்குப் பன்னிரண்டு வயது.

"ஒண்ணுமில்ல. சும்மா பாரு."

1987 டிசம்பரில் அவளுக்கு மூச்சிரைப்பு அதிகமானது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்கினாள். இருபத்து நான்காம் தேதி விடிந்தபோது அவள் உதடுகள் நீலமாகியிருந்தன. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பார்க்க ஓடினார். அவர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்கு எப்படியாவது அவளைக் கொண்டுபோய்விட்டால் போதும் என்று நினைத்திருக்கிறார். அரைமணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்தார். முதலமைச்சர் விடிவதற்கு முன்பே இறந்துவிட்டாராம். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கடைகளை எல்லாம் மூடிவிட்டார்கள். ரோட்டில் டயர் எரிகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் மீன்பாடி வண்டி ஓட்டுபவர். முன்பக்கம் பலகை வைத்த அந்த மூன்று சக்கர வண்டியில் அம்பத்தூர் பட்டறைகளுக்கு இரும்பு ஏற்றிப் போவார். அந்த முதலமைச்சர் அவருக்குத் தெய்வம். மார்பில் அவர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்தார். காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த மனிதர், அப்பா நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"இன்னா அண்ணாத்தே, பாப்பாவுக்கு முடிலயா? நம்ம வண்டி கீது. தூக்கு."

பலகைமேல் பாயைப் போட்டார்கள். அம்மா ஏறி உட்கார்ந்து அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டிக்காரர் மிதித்தார். அப்பா பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடினார். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியிடம் என்னை விட்டுவிட்டுப் போனார்கள்.

நடந்ததை அப்பா பிற்பாடு சொன்னார். பெரிய ரோட்டு முனையில் கல்லையும் மரக்கிளையையும் போட்டு மறித்திருந்தார்கள். கம்போடு நின்ற பையன்கள் வண்டியில் கிடந்தவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கல்லை உருட்டி வழிவிட்டார்கள். அதைத் தாண்டி நூறடி போயிருப்பார்கள். அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

இங்கே தெருவில் பெண்கள் ஒரு நாற்காலியில் முதலமைச்சரின் படத்தை வைத்திருந்தார்கள். யார் வீட்டுக் கொல்லையிலோ பூத்த சாமந்தியைக் கட்டி மாலையாகப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா என் கையை விடாமல் பிடித்தபடியே மற்றவர்களோடு சேர்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்காவைத் திருப்பிக் கொண்டுவந்த வண்டி தெருமுனைக்குள் நுழைந்தபோதும் அந்த அழுகை நிற்கவில்லை.

அக்கா இறந்த செய்தி தனக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். எல்லாரும் தன் பெண்ணுக்காகத்தான் அழுகிறார்கள் என்று நம்பி, வண்டியிலிருந்தபடியே அவர்களைப் பார்த்துக் கையை நீட்டினாள். கிட்ட வந்த பிறகுதான் நாற்காலியும் படமும் அவள் கண்ணில் பட்டன. நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அக்காவை உள்ளே கிடத்தினார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து காலடியில் விழுந்து கதறினாள். அம்மா அவளைப் பார்த்துக் கேட்டாள்:

"நீ யாருக்கு அழுவுற?"

அவள் திகைத்துப்போனாள். "இன்னாக்கா இப்டி கேக்குற? எனக்குத் தெர்லக்கா. ரெண்டும் ஒண்ணா வருது."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆரணியிலிருந்த மாமாவுக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்று தெரியவில்லை. சொன்னாலும் வர வழியில்லை. ஒரு முழம் பூ எங்கும் கிடைக்கவில்லை. மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மா வெளியே போனாள். நாற்காலியில் இருந்த படத்திலிருந்து மாலையைக் கழற்றிக் கொண்டுவந்து அக்காவின் கழுத்தில் போட்டாள். அவள் புருஷன் வாசலில் நின்று பார்த்தார். அம்மாவும் தடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஐந்தாறு பேர் தூக்கிப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அக்காவின் நோட்டை எடுத்து டிசம்பர் இருபத்து நான்கு பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அப்பா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எதை முதலில் எழுதுவது என்று அவருக்குக் குழப்பம். கடைசியில் முதலமைச்சர் மறைவை எழுதி, அடுத்த வரியில் 'என் மூத்த மகள், காலை' என்று மட்டும் எழுதினார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கயும் அவருக்குப் பின்னாடிதானா?" என்றாள். அப்பா நோட்டை மூடி பெட்டிக்குள் போட்டார். பிறகு அதை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து அம்மா அந்தத் தேதியையே ஒப்புக்கொள்ள மறுத்தாள். மார்கழி வளர்பிறைச் சதுர்த்திதான் கணக்கு என்றாள். அது ஒரு வருஷம் டிசம்பரில் வரும், ஒரு வருஷம் ஜனவரிக்குப் போய்விடும். அன்றைக்குத்தான் அக்காவுக்குப் படையல். அப்பாவோ இருபத்து நான்காம் தேதி யாரிடமும் சொல்லாமல் சாப்பாட்டு டப்பாவை அப்படியே திரும்பக் கொண்டுவருவார். அம்மா அதைக் கழுவி வைப்பாள், கேட்க மாட்டாள். அதே தேதியில் தெருவில் படம் வைப்பார்கள், ஒலிபெருக்கியில் சோகப் பாட்டு கேட்கும், ஏழைகளுக்குச் சோறு போடுவார்கள். அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவாள். பக்கத்து வீட்டு அம்மாவோடு அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். "அவரு படத்துக்குப் போட்ட மாலைய எடுத்துப் போட்டு அனுப்பிட்டா எம்பொண்ண" என்று என்னிடம் மட்டும் ஒரு முறை சொன்னாள். குழாயடியில் இருவரும் முகம் பார்க்காமல் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள். எட்டு வருஷம் அப்படியே போனது.

தொண்ணூற்றைந்தில், மழைக்காலத்தில் ஒரு காலை, மீன்பாடி வண்டிக்காரர் வாசலில் உட்கார்ந்தவாக்கிலேயே சாய்ந்துவிட்டார். அழுகைச் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். நானும் பின்னால் போனேன். எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா அழுவதை நிறுத்திவிட்டாள். என்ன சொல்வாளோ என்ற பயம் அவள் கண்ணில் இருந்தது.

அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, என்னிடம்கூட அதுவரை சொல்லாததைச் சொன்னாள்.

"அன்னிக்கு வண்டியில போவும்போது எம்பொண்ணு கண்ண தொறந்து பார்த்தா. 'ஏம்மா கடையெல்லாம் மூடியிருக்கு'ன்னு கேட்டா. நான் பயந்துக்கினு, 'இன்னிக்கி லீவுடி'ன்னேன். 'நாளைக்குத்தானம்மா கிறிஸ்துமஸ், இன்னிக்கி ஏது லீவு'ன்னா. எனக்கு வாய் வரல. ஒம் புருஷன்தான் மிதிச்சிக்கினே திரும்பிப் பார்த்து, 'இந்த வருசம் ரெண்டு நாளு வுட்டுட்டாங்க பாப்பா, நீ தூங்கு'ன்னாரு. கண்ணுல தண்ணி கொட்டிக்கினே இருந்துச்சி. ஆனா கொரல்ல ஒண்ணும் தெரியல. அவ சரின்னு கண்ண மூடிக்கினா."

அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத அவரு எங்கைல சொல்லவே இல்லியேக்கா," என்றாள்.

"நானும் சொல்லல," என்றாள் அம்மா. "நான்தான் சொல்லியிருக்கணும். எட்டு வருஷம் வெச்சிக்கினு இருந்துட்டேன்."

அன்று மாலை பிணத்தை எடுக்கும்வரை அம்மா அந்த வீட்டைவிட்டு நகரவில்லை. அந்த டிசம்பரில் தெருவில் படம் வைக்க நாற்காலி கேட்டு வந்தவர்களுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.