கிளட்ச் வண்டி

என் அண்ணனுக்கு அமெரிக்க மஸில் கார் என்றால் உயிர். எனக்கு அவற்றைக் கண்டாலே எரிச்சல். ஆனால் ஜாலான் புசாரில் இருக்கும் எங்கள் கடையில், அந்த வண்டிகளை உலகம் முழுக்கத் தேடிப் பிடிப்பவள் நான்தான். கீழே உதிரிபாகக் கடை. மாடியில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, நான். ஜன்னலைத் திறந்தால் எதிர்த்த இரும்புக்கடையில் கம்பி அறுக்கும் சத்தம், மூடினால் புழுக்கம். என் வயசில் பாதி அந்த மேசையில்தான் போனது.

வேலை இதுதான். வசதியான மனிதர் யாராவது வருவார். சின்ன வயசில் சினிமாவில் பார்த்த ஒரு வண்டியைச் சொல்லி, அது வேண்டும் என்பார். நீளமான மூக்கு, ரெண்டு கதவு, எட்டு சிலிண்டர், ஸ்டார்ட் பண்ணினால் நெஞ்செலும்பு அதிர்கிற சத்தம். அமெரிக்காவில் அது கிடைக்காமல் இல்லை. ஆனால் அங்கே ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும், அதை இங்கே பதிவு செய்ய விட மாட்டார்கள். அதனால் அந்தக் காலத்திலேயே ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றி விற்கப்பட்ட ஒரு சில வண்டிகளைத்தான் தேட வேண்டும். குதிரைக்கொம்புதான். விற்பவர்களுக்கு அண்ணன் போன் பண்ணினால் மூன்றாவது நிமிஷம் சண்டையில் முடியும். எனக்கு ஒன்றும் பொறுமை பொங்கி வழியவில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு தன்மையாக இங்கிலீஷ் பேச வரும், அவ்வளவுதான்.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்காதீர்கள், கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அண்ணன் குடும்பத்தோடுதான் இருந்தேன். அண்ணி போய்ச் சேர்ந்தார். அண்ணன் மகன் கல்யாணம் ஆகி பொங்கோல் பக்கம் தனி வீடு பார்த்துப் போனான். மிச்சம் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். காலையில் ஒரே வேனில் கடைக்குப் போவோம், சாயங்காலம் அதே வேனில் வீட்டுக்கு வருவோம். ரேடியோவில் என்ன பாட்டு வைப்பது என்பதுகூட அவர் முடிவுதான்.

அப்போதுதான் ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து ஒரு வேலை வந்தது. பழைய கார்களைக் கப்பலேற்றி அனுப்பும் ஓர் அலுவலகம். பல வருஷமாக என்னோடு போனில் பேசிப் பழகியவர்கள். நீ அங்கே உட்கார்ந்து எங்கள் ஊர் வண்டிகளைத் தேடுவதற்குப் பதில், இங்கேயே வந்து தேடேன் என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சந்தோஷம். அதைச் சொல்ல வெட்கமே இல்லை. என் பெயரில் ஒரு மேசை, என் பெயரில் ஒரு வாடகை வீடு, நான் வைத்த பாட்டு.

தேக்கா சந்தையில் சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னேன். பிரியாணியைக் கிளறிக்கொண்டே கேட்டார். சத்தம் போடுவார் என்று பயந்திருந்தேன், போடவில்லை. ஊருக்கெல்லாம் வண்டி தேடிக் கொடுத்தாய், எனக்கென்று ஒன்று தேடிக் கொடுத்ததே இல்லை, அதை முடித்துவிட்டுப் போ என்றார். நியாயம்தானே? அவ்வளவு ஆசை வைத்திருந்த மனிதர், அதுவரை தனக்கென்று ஒரு வண்டி வாங்கியதில்லை. சரி என்றேன். பெர்த்காரர்களும் காத்திருக்கிறோம் என்றார்கள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ஒரு வண்டிக்குப் பதில் ரெண்டு கிடைத்தது. ஒன்று பிரிஸ்பனில், ஆட்டோ கியர், துரு இல்லை, கையோடு கப்பலேற்றலாம். இன்னொன்று பெர்த்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கோதுமைப் பண்ணையில், கொட்டகைக்குள் தூசி மூடிக் கிடந்தது, நாலு கியர், கிளட்ச். பிரிஸ்பன் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள், இந்த ஊர் சிக்னலுக்குச் சிக்னல் கிளட்சை மிதித்து யாருக்கு ஆகும் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அண்ணன் அசையவில்லை. ஆட்டோவில் போனால் அது வண்டி இல்லை, லிஃப்ட் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசைப்பட்டவர், போகட்டும் என்று விட்டேன்.

பண்ணை வண்டி ஒரு விதவை அம்மாவுடையது. பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால், மத்தியானம் சாப்பிட்ட கையோடு கூப்பிடுவேன். வண்டியைத் தவிர மற்றதெல்லாம் பேசுவார். மழை இல்லை, நாய்க்கு உடம்பு சரியில்லை, புருஷன் செத்த பிறகு கொட்டகைப் பக்கமே போவதில்லை. விற்பதாகவும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். ஒருநாள் திடீரென்று, இதை யார் ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். என் அண்ணன் என்றேன். அது எப்போதும் அப்படித்தான், என்னை ஒருநாளும் சாவியைத் தொட விட்டதில்லை அந்த மனுஷன் என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் இருமிவிட்டு, எடுத்துக்கொண்டு போ, ரோட்டில் ஓடும்போது ஒரு படம் அனுப்பு என்றார்.

வண்டி வந்தது. ஜூரோங்கில் ஒரு கிடங்கில் கண்டெய்னரைத் திறந்தபோது அண்ணன் வெள்ளைச் சட்டை, தேய்த்த பேன்ட், ஷூ எல்லாம் போட்டு மாப்பிள்ளை மாதிரி நின்றார். கொஞ்ச நாளாகவே அவர் செருப்புப் போடுவதை விட்டிருந்தார். மீன் விற்கும் ஈர மார்க்கெட்டுக்குக்கூட ஷூதான். என்ன, வயசான காலத்தில் ஸ்டைலா என்று நான் கிண்டல் பண்ணுவேன். அன்றைக்கு வண்டிக்குள் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஸ்டார்ட் பண்ணவில்லை. ஏன் என்று கேட்டால், பூஜை போட்ட பிறகுதான் ஓட்டுவேன் என்றார். பழுது பார்க்க, சோதனைக்கு, நம்பர் பிளேட்டுக்கு என்று அலைந்ததெல்லாம் ஒர்க்‌ஷாப் ஆள்தான். சாமி நம்பிக்கை முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பெர்த்துக்கு டிக்கெட் பார்க்க ஆரம்பித்தேன்.

பழைய வண்டி என்கிற கணக்கில் பதிவு செய்தால் வருஷத்தில் கொஞ்ச நாள்தான் ரோட்டில் எடுக்க அனுமதி. அதில் முதல் நாளைப் பூஜைக்கு வைத்தோம். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் உள்ள கோயில், ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் சேருவதற்கு முன்னால். வண்டி மூக்கில் மாலை, கண்ணாடியில் சந்தனம் குங்குமம், நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். ஐயர் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்து, எடுங்க என்றார். கோயில் என்பதால் அண்ணன் ஷூவைக் கழற்றி வெறுங்காலோடு ஏறியிருந்தார். எஞ்சின் உறுமியது. பூக்கடைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினார், மறுபடி குதித்து நின்றது. எலுமிச்சம்பழம் பாதி நசுங்கி, பாதி அப்படியே சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐயர் முகம் மாறிவிட்டது. பூஜை போட்ட வண்டி பழத்தின் மேலேயே நிற்பதை யாரும் பார்க்க விரும்ப மாட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் குனிந்தேன். அவருடைய இடது கால் கிளட்சிலிருந்து வழுக்கித் தரையில் கிடந்தது. அது வழுக்கியதை அவர் பார்க்கவே இல்லை.

"என்னண்ணே?"

"கால் எங்க இருக்குன்னே தெரியலம்மா" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காமல். "மரத்துப்போச்சு. நீ எடு."

 அவர் அந்தப் பக்கம் நகர, நான் ஷூவை மாட்டிக்கொண்டு ஏறினேன். கூட வந்திருந்த அண்ணன் மகனுக்கு இருப்பது ஆட்டோ லைசென்ஸ். இந்த ஊரில் இப்போது எல்லாருக்கும் அதுதான். மேனுவல் லைசென்ஸ் என்னிடம் இருந்ததற்குக் காரணமே அண்ணன்தான், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்தே ஆக வேண்டும் என்று அனுப்பி வைத்தவர். கிளட்ச் அப்படி ஒரு கனம், முழு உடம்பையும் கொடுத்து மிதிக்க வேண்டியிருந்தது. நாலு பழமும் நசுங்கியது. யாரோ கைதட்டினார்கள்.

முதல் சிக்னலில் நின்றபோது, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். ரொம்ப நாளாச்சு, சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டதாம் என்றார். ஷூ ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. செருப்பு காலிலிருந்து கழன்று போனாலும் அவருக்குத் தெரியாது. கடை வேன் ஆட்டோ, அதற்கு இடது காலே வேண்டாம். அதனால் யாருக்கும் தெரியவில்லை, என்னைச் சேர்த்து.

"இந்த வண்டியத் தேடச் சொன்னீங்களே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் வெளியே பார்த்தார். "முன்னாடி."

"அப்ப பிரிஸ்பன் வண்டிய ஏன் வேணாம்னீங்க?"

"அது வந்திருந்தா நானே ஓட்டியிருப்பேன், நீ போயிருப்பே லா."

அவர் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அப்படியே கதவைத் திறந்து நடுரோட்டில் இறங்கி நடந்திருப்பேன், அவ்வளவு ஆத்திரம். நானே தேடி, நானே கெஞ்சி, நானே கப்பலேற்றிக் கொண்டுவந்து என் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். என் கால் தானாகக் கிளட்சை மிதித்தது. ஈஸ்ட் கோஸ்ட் வழியாக சாங்கி வரை ஓட்டினேன். அங்கே கடல் வந்துவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். இந்த ஊரில் எந்தப் பக்கம் விரட்டினாலும் கொஞ்ச நேரத்தில் திருப்ப வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து அவர் காலைப் பார்த்தேன். அந்தக் காலத்து வண்டி, எஞ்சின் சூடு கீழ்த் தகட்டில் இறங்கும். எனக்கே ஷூ வழியாகச் சுட்டது. அவர் வெறுங்காலை அதன் மேல் வைத்துக்கொண்டே சாங்கி வரை வந்து திரும்பியிருக்கிறார். உள்ளங்காலில் கோழிமுட்டை அளவுக்குக் கொப்புளம். வலிக்கவில்லையே, என்ன பார்க்கிறாய் என்று என்னைக் கேட்டார். திட்ட நேரமில்லை, கையோடு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

கிளினிக்கில் மருந்து வைத்துக் கட்டிய டாக்டர் பெண், தினமும் பாதத்தை யாராவது பார்க்க வேண்டும், சின்னக் காயம்கூட விடக்கூடாது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.  டாக்டர் என்னைப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தார். அந்தச் சின்ன அறையில் நான் வேறு எங்கே பார்ப்பது?

அண்ணன் மகனிடம் பேசிப் பார்த்தேன். வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறேன் அத்தை என்றான். நல்ல பிள்ளைதான். வேலையில் சேருவதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று பெர்த்காரர்களிடம் கேட்டேன், பிறகு இன்னொரு முறை கேட்டேன். மூன்றாவது முறை நான் கேட்பதற்குள் அவர்கள் வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. அண்ணனிடம் சொன்னபோது, சாப்பிட்டியா என்று கேட்டார். அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை, ஆனால் காலைக் கழுவித் துடைத்து மருந்து வைத்தேன்.

பண்ணை அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தபடி படம் அனுப்பினேன். வலப்பக்கம் நான், இடப்பக்கம் அண்ணன், வண்டி மூக்கில் வாடின மாலை. உடனே பதில் வந்தது. உனக்காவது சாவி கிடைத்ததே, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா என்று எழுதியிருந்தார். நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டு அனுப்பினேன்.

அனுமதி உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் எனக்கு முன்பே கார் பார்க்குக்கு இறங்கி, ஷூ மாட்டிக்கொண்டு, இடதுபக்கக் கதவருகில் நிற்கிறார். நான் வந்து அந்த ஷூவைக் கழற்றச் சொல்லி, காலைப் பார்த்து, திரும்ப மாட்டிவிட்டு, அப்புறம்தான் சாவியைப் போடுவேன். உறுமல் கேட்டதும் அவர் முகத்தில் வரும் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாட்டு மட்டும் இப்போது நான் வைப்பதுதான்.

கொஞ்ச நாளாக என் இடது முட்டி வலிக்கிறது. கிளட்சை மிதிக்கும்போது சுள்ளென்று இழுக்கிறது, மாடிப்படி ஏறும்போதும். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.